ஓஸல் மடையனா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. எட்டுப் பக்கத்தில் ஆறு பக்கம் ஸ்டார் வார்ஸ் படத்தின் ராட்சதக் கப்பல் எக்ஸிக்யூட்டரின் நீளத்துக்கே போயிருக்கிறது! மிச்சத்தில் அதன் அட்மிரல் ஓஸல் மடையன், ஸ்டார் டிரெக்கின் கேப்டன் ஜெல்லிக்கோ கொடுங்கோலன் என்கிறாய். பழைய கையேடுகளில் 8 கிலோமீட்டர், பிறகு வந்தவற்றில் 19. திரையில் பக்கத்தில் நிற்கும் 1,600 மீட்டர் ஸ்டார் டெஸ்ட்ராயர் கலத்தோடு ஒப்பிட்டால் 19 தான் பொருந்துகிறது. அதில் உன்னோடு சண்டையில்லை. "இவ்வளவு பெரிய கப்பலுக்குப் போய் டெஸ்ட்ராயர் என்று பெயரா?" என்று நீ குதிப்பதுதான் எனக்குச் சரிப்படவில்லை.

டெஸ்ட்ராயர் என்பது 'டார்பிடோ படகுகளை அழிப்பது' என்ற பழைய பெயரின் மிச்சம். 1893இல் வந்த பிரிட்டனின் ஹாவக் 300 டன்கூடத் தேறாது. இன்று அமெரிக்காவின் ஸம்வால்ட் சுமார் 15,000 டன்; அதுவும் டெஸ்ட்ராயர்தான். அதே நாட்டின் டிகாண்டரோகா 10,000 டன்னுக்குள் அடங்கிவிடும், அது டெஸ்ட்ராயரைவிடப் பெரிய வகையான க்ரூஸராம். இத்தனைக்கும் அதன் உடற்கூடு ஒரு டெஸ்ட்ராயருடையது. டெஸ்ட்ராயர் எண்ணோடுதான் கட்ட முடிவெடுத்தார்கள், பிறகு பெயரை மாற்றிவிட்டார்கள். 1975இல் இதைவிட வேடிக்கை: சோவியத்திடம் க்ரூஸர்கள் அதிகம் இருப்பதாகக் காகிதத்தில் தெரிந்ததால், தங்களிடம் 'ஃபிரிகேட்' என்றிருந்த பெரிய கப்பல்கள் பலவற்றை ஒரே நாளில் க்ரூஸராக்கினார்கள். ஒரு கப்பல்கூடப் புதிதாகக் கட்டவில்லை. ஜப்பானின் இஸுமோ 248 மீட்டர், ஹெலிகாப்டர்களுக்காகக் கட்டிய தட்டையான மேல்தளம், வைத்த பெயர் டெஸ்ட்ராயர்.

ஆகவே ஒரு பெயரைப் பார்த்தால் நீளத்தைக் கேட்காதே. அதை வைத்தவர் யாருக்குக் கணக்குக் காட்ட வைத்தார் என்று கேள். ஸ்டார் டிரெக்கின் டிஃபயன்ட் என்ற கப்பல் ஏட்டில் 'துணைக்காவல் கலம்'. குடும்பங்கள் இல்லை, சொகுசு இல்லை, கலம் நிறைய ஆயுதம். போர்க்கப்பல் என்று எழுதினால் அதை வைத்திருக்கும் ஸ்டார்ஃப்ளீட் படையினர் ஆய்வுக்காகப் பறப்பவர்கள் என்ற பேச்சு அடிபட்டுப்போகுமே!

பேட்டில்க்ரூஸர்கள் கவசம் மெல்லியதால்தான் அழிந்தன என்று நீ சொன்னது பாதி சரி. பெரிய பீரங்கி, மெல்லிய கவசம், 1916 ஜட்லண்ட் கடற்போரில் பிரிட்டனின் மூன்று கப்பல்கள் வெடித்து 3,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். ஆனால் கவசத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது. வேகமாகச் சுடவேண்டும் என்று வெடிமருந்துக் கிடங்கின் கதவுகளைத் திறந்தே வைத்தார்கள், கார்டைட் என்ற வெடிமருந்துப் பொதிகளை வெளியே அடுக்கினார்கள். பீரங்கி மேடையில் பிடித்த தீ நேரே கிடங்குக்கு இறங்கியது. ஜெர்மானியர்களுக்கு 1915லேயே தங்கள் ஸைட்லிட்ஸ் கப்பலில் இதே மாதிரி இரண்டு பீரங்கி மேடைகள் எரிந்து பாடம் கிடைத்திருந்தது. கையாளும் முறையை மாற்றிக்கொண்டார்கள். அங்கே கப்பல் வகை தோற்றதா, அதிகாரிகள் தோற்றார்களா?

இனி உன் ஓஸல். எதிரி ஒளிந்திருந்த ஹாத் கிரகத்தின் அருகே ஒளிவேகத்திலிருந்து மிகக் கிட்டத்தில் வெளிவந்தார், எதிரி விழித்துச் சக்திக் கவசத்தை ஏற்றிவிட்டான், ஆகவே மடையன் என்கிறாய். தூரத்தில் வந்திருந்தால் எதிரிக்கு இன்னும் அதிக நேரம் கிடைத்திருக்காதா? 'திடீரென்று போய் நிற்பதே மேல்' என்பது அன்றைக்கு அவரிடமிருந்த தகவலுக்கு ஒரு நியாயமான கணிப்பு. அவருடைய உண்மையான குற்றம் அதற்கு முன்னால் நடந்தது. கீழதிகாரி பியட் உளவுக்கருவியின் படத்தைக் கொண்டுவந்து காட்டியபோது, இப்படி ஆயிரம் வருகிறது, எனக்கு ஆதாரம் வேண்டும் என்று தட்டிக்கழித்தாரே, அதுதான். ஆளை எடைபோட வேண்டிய இடம் அது.

கீழே இருப்பவர் சொன்னதைக் கேட்காமல் போவது எப்படி முடியும் என்பதற்கு 1893இல் பிரிட்டனின் விக்டோரியா கப்பலைப் பார். இரண்டு வரிசைகள் எதிரெதிராக உள்பக்கம் திரும்ப வேண்டும். ஒவ்வொன்றும் திரும்ப சுமார் 800 கஜம், ஆக 1,600 கஜம் இடைவெளி இருந்தாலே உரசும். அட்மிரல் ட்ரையன் கொடுத்தது 6 கேபிள், அதாவது 1,200 கஜம். குறைந்தது எட்டு கேபிள் வேண்டும் என்று ஒருவர் சொன்னார், ஆமாம் என்றார், பிறகு ஆறையே அறிவித்தார். எதிர் வரிசையை நடத்திய அதிகாரி மார்க்கம் தயங்கினார்; எதற்காகக் காத்திருக்கிறாய் என்று சைகை வந்தது, கீழ்ப்படிந்தார். கப்பல்கள் மோதி விக்டோரியாவோடு 358 பேர் மூழ்கினார்கள். தவறினால் மேலதிகாரி வேடர் ஆளைக் கொல்லும் எக்ஸிக்யூட்டர் மாதிரிக் கப்பலில் எந்த மார்க்கம் தயங்கவாவது செய்வான்?

கேப்டன் ஜெல்லிக்கோவைக் கொடுங்கோலன் என்று நீ எழுதியதற்குக் கணக்குப் போட்டே பதில் சொல்கிறேன். மூன்று ஷிஃப்டை நான்காக்கச் சொன்னார். ஒரு பேச்சுக்கு எஞ்சின் பகுதியில் 60 பேர் என்று வை. முன்பு ஷிஃப்டுக்கு 20 பேர், எட்டு மணி நேரம். இப்போது 15 பேர், ஆறு மணி நேரம். கவனம் கூடும், ஓய்வு கூடும், அப்போதும் தினமும் அதே நேரத்தில்தான் வேலை வரும், தூக்கம் கெடாது. 2017இல் ஃபிட்ஸ்ஜெரால்ட், ஜான் மெக்கேன் என்ற போர்க்கப்பல்கள் தனித்தனியே வணிகக் கப்பல்களோடு மோதி 17 பேர் இறந்தபின் அமெரிக்கக் கடற்படையே 24 மணி நேர ஒழுங்குக்கு ஷிஃப்டுகளைத் திருப்பியது. ஆக யோசனையில் பிழையில்லை. அதோடு நிறுத்தாமல் எஞ்சின் ஆட்களில் மூன்றில் ஒரு பங்கைக் காவலுக்கு மாற்றினாரே, அங்கேதான் இடிக்கிறது: 40 பேர், ஷிஃப்டுக்குப் பத்து. பாதியாகிவிட்டது. அதே கையோடு எஞ்சினையும் இரண்டு நாளில் மாற்றியமைக்கச் சொன்னால் யார்தான் முணுமுணுக்க மாட்டார்கள்!

ஆனாலும் அவருடைய துணைக் கேப்டன் ரைக்கருக்கு நான் மதிப்பெண் போடமாட்டேன். துறைத் தலைவர்கள் ஆட்சேபித்தார்கள் என்றால் உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஷிஃப்டை மாற்றாமலும், மாற்றவில்லை என்று சொல்லாமலும், கேப்டன் கேட்கும்வரை இருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு வாதாடலாம், தோற்றால் செய்துமுடிக்க வேண்டும். துணைக் கேப்டன் வேலை அதுதான்.

ஸ்டார் டிரெக்கின் இன்னொரு கேப்டன் கிர்க்கைப் பற்றி இந்த முறை வாயைத் திறக்கப்போவதில்லை. கவசத்தை ஏற்றும்படி விதியைச் சுட்டிக்காட்டிய இளம் அதிகாரி ஸாவிக்கின் பேச்சைக் கேட்டிருந்தால் 'த ராத் ஆஃப் கான்' படத்தில் பாதி இல்லை.

எக்ஸிக்யூட்டருக்கே திரும்புகிறேன். கப்பலை நடத்தும் மேடையான பிரிட்ஜின் கவசம் போனது, ஒரே ஒரு ஏ-விங் என்ற சிறு போர்விமானம் வந்து விழுந்தது, கப்பல் கட்டுப்பாடிழந்து கவிழ்ந்தது. சாதாரணக் கடற்போர்க்கப்பலில்கூடப் பிரிட்ஜ் போனால் பின்பக்கத்திலிருந்து சுக்கானைத் திருப்ப ஆள் நிறுத்துவார்கள். நீளத்தை விட்டுவிட்டு, அந்த 19 கிலோமீட்டருக்குள் இரண்டாவது கட்டுப்பாட்டு அறை எங்கே இருந்தது, அங்கே இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எழுது.

அன்புடன்,
மணி