பதிப்பாசிரியர் இல்லாத மலையகம்

ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இதழில் அமெரிக்க நாவலாசிரியர் டோனி மொரிசன் பற்றி வந்த கட்டுரை, 1993இல் அவர் பெற்ற நோபல் பரிசை விரிவாகச் சொல்லிவிட்டு, ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் பதிப்பாசிரியராக இருந்த காலத்தை ஒரே வரியில் கடந்துவிட்டது. எனக்கு அந்த வரிதான் முக்கியம். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டு, விடியுமுன் எழுந்து எழுதி, 1970இல் முதல் நாவலை வெளியிட்ட பிறகும் அவர் அந்த வேலையை விடவில்லை. ஏஞ்சலா டேவிஸ், கெய்ல் ஜோன்ஸ் போன்ற கறுப்பின எழுத்தாளர்களின் நூல்கள் அவர் கைபட்டுத்தான் வெளிவந்தன.

இலங்கை மலையகத்தில் பதிப்பாசிரியரின் இந்த இடம் காலியாகவே கிடக்கிறது. எழுத ஆள் உண்டு, கைக்காசு போட்டு அச்சடிக்கவும் செய்கிறார்கள், ஆனால் அதற்கு முன் வரிவரியாகப் படித்து 'இந்த அத்தியாயம் வேண்டாம்' என்று சொல்ல யாரும் இல்லை. ஹட்டனில் எங்கள் வாசகர் வட்டத்தில் படித்த ஒரு தோட்டத்து நாவலில் கங்காணியின் பெயரே பாதியில் மாறிவிட்டது. அருமையான கதை, பேச்செல்லாம் அந்தப் பிழையைப் பற்றியே போனது. உங்கள் பத்திரிகையே ஆண்டுக்கு ஒரு புதிய மலையகக் கையெழுத்துப் பிரதியைத் தேர்ந்து, அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு செம்மைப்படுத்தித் தரலாம். அவருக்குச் சரியான ஊதியம் கொடுங்கள், நூலின் முதல் பக்கத்தில் பெயரையும் போடுங்கள்.

வாசகர் ஒருவர்,
ஹட்டன்