சோழியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு

இடைக்கழிநாட்டுக் கரையோர ஊர்களில் இருக்கும் அக்காமார், அண்ணன்மார், தம்பிகள் எல்லோருக்கும் வணக்கம்.

பாம்பு கடித்த எங்கள் நாய் சோழி பிழைத்துவிட்டாள். பழையபடி சாப்பிடுகிறாள், வாசலில் மீன்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் முதல் ஆளாக ஓடுகிறாள். கடிபட்ட முன்னங்காலில் கொஞ்சம் தோல் உரிந்து, இப்போது புது மயிர் முளைத்திருக்கிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் பாதிப் பேருக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்றே தெரியாது. நன்றி சொல்லத் தேடி வந்தபோது ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினீர்கள். "நான் என்ன செஞ்சேன், அந்தத் தம்பிதான் எல்லாம்" என்றார் அக்கா. தம்பியோ மீன்பிடிக்கிற அண்ணனைச் சொன்னார். சரி, எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

கடப்பாக்கத்திலிருந்து ஆலம்பரைக் கோட்டைப் பக்கமாகக் கரையோரம் போகும் சவுக்குத் தோப்புகளில்தான் நானும் சோழியும் காலையில் நடப்போம். அவள் நாட்டு நாய். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி விழுந்ததால் அந்தப் பெயர். வீட்டில் சோம்பிக் கிடப்பவள், மண்பாதையில் கால் வைத்ததும் வேறு ஆளாகிவிடுவாள். சவுக்கு இலைக்குள் காற்று புகுந்து வரும் இரைச்சலைக் காதை முன்னே மடித்துக் கேட்பாள். தோப்பு முடியும் இடத்தில் தாழம்புதர், அதைத் தாண்டினால் அடும்பங்கொடி, ராவணன் மீசை, அப்புறம் கடல். அங்கே நண்டு வளை ஒவ்வொன்றிலும் மூக்கை வைத்துப் பார்க்காமல் நகர மாட்டாள். ஜனவரி முதல் கோடை தொடங்கும்வரை ஆமை முட்டையிடும் காலம், நாய்கள் குழியைத் தோண்டிவிடும் என்று மீனவ அண்ணன்மார் சொன்னதிலிருந்து அவள் எப்போதும் வாரில்தான் இருப்பாள். அன்றும் வாரில்தான் இருந்தாள்.

பாம்பு சருகுக்குள் கிடந்தது. சவுக்குச் சருகும் கண்ணாடி விரியனும் ஒரே நிறம். குக்கர் ஆவி விடுவது போல ஒரு நீண்ட சீறல் கேட்டது. கேட்டு முடிப்பதற்குள் சோழி ஒரு முறை கத்திவிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டாள்.

என் கூச்சல் கேட்டு முதலில் ஓடி வந்தது, விறகுக்கு மிலாறு பொறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த அக்கா. அக்கா, நீங்கள் நாயைப் பார்க்கும் முன் என்னைத்தான் பார்த்தீர்கள். தோளைப் பிடித்து உட்காரவைத்தீர்கள். "நீ பதறினா அதுவும் பதறும்மா, பேசாம தடவிக்கொடு" என்றீர்கள். டாக்டரும் பிறகு அதையேதான் சொன்னார். கடிபட்ட உடம்பு எவ்வளவு அசையாமல் இருக்கிறதோ அவ்வளவு மெதுவாகத்தான் நஞ்சு பரவுமாம்.

அடுத்து வந்த தம்பி, பக்கத்து இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவர். சத்தம் கேட்டுக் கம்போடு வந்த பையன்களை அவர்தான் தடுத்து நிறுத்தினார். தள்ளி நின்று பார்த்து, முதுகில் சங்கிலி மாதிரி வட்டம் வட்டமாக இருப்பதைக் காட்டி, "கண்ணாடி விரியன், அது பாட்டுக்குப் போகட்டும், நாம நாயைப் பாப்போம்" என்றார். அந்தப் பையன்களுக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கையில் கம்பு இருந்தும், ஒரு வார்த்தைக்குக் கட்டுப்பட்டு ஒதுங்கி நின்றீர்களே தம்பி, அது சின்ன விஷயமில்லை. பாம்பைத் துரத்திக்கொண்டு நின்றிருந்தால் இன்னும் யாராவது கடிபட்டிருப்பார்கள். காலில் கயிறு கட்டலாம், கீறி ரத்தத்தை வெளியேற்றலாம் என்று அக்கறையோடு சிலர் சொன்னபோதும் தம்பிதான் வேண்டாம் என்று மறுத்தார். விரியன் கடியில் இறுக்கிக் கட்டினால் அந்த இடத்துச் சதையே அழுகிவிடும், கீறினால் ரத்தம் நிற்காது என்று மருத்துவமனையில் விளக்கியபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நடக்கவிடக் கூடாது, அவளோ கனம். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு அண்ணன்மார் பழைய வலையை மடித்துத் தூளி மாதிரி ஆக்கினார்கள். நூல் உறுத்தக் கூடாது என்று அக்கா தன் சும்மாட்டுத் துணியை உள்ளே விரித்தார். அந்த மணலில், ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு, ஆட்டாமல் குலுக்காமல் கிழக்குக் கடற்கரைச் சாலைவரை வந்து சேர்ந்தோம். ஆட்டோ அண்ணன் சீட்டில் ரத்தம் பட்டதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குள் கால் முழங்காலுக்கு மேல்வரை வீங்கியிருந்தது, பல் பட்ட இடத்தில் ரத்தம் நிற்காமல் கசிந்தது.

கால்நடை மருத்துவர் அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து அசைக்காமல் 20 நிமிடம் வைத்தார். உறைந்திருக்க வேண்டிய ரத்தம், குழாயைச் சாய்த்ததும் அப்படியே வழிந்தது. "மருந்து ஏத்தியே ஆகணும்" என்றார். அங்கே இருந்த நஞ்சுமுறிவு மருந்துக் குப்பிகள் போதாது. பக்கத்து ஊர் மருந்துக்கடை ஐயாவுக்கு அவரே போன் செய்தார். ஐயா கடை திறக்கும் நேரத்துக்கு முன்பே வந்து திறந்து, மகனை பைக்கில் கொடுத்தனுப்பினார். ஆளுக்குப் போடுகிற அதே மருந்துதான் நாய்க்கும். நாய் சின்ன உடம்பு என்பதால் மருந்தைக் குறைக்க முடியாது, ஏறிய நஞ்சின் அளவுக்குத்தான் கணக்கு. மருந்தே ஒவ்வாமல் போகலாம் என்று அதற்கான ஊசியையும் தயாராக வைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக ஏற்றினார். சில மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் ரத்தம் உறையவில்லை, மறுபடியும் ஏற்றினார். சிறுநீரகம் பழுதாகிவிடுமோ என்ற பயம் அதற்குப் பிறகும் இருந்தது. விரியன் கடியில் பிழைத்த பிறகும் அதில்தான் பல உயிர் போகுமாம். சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று இரவு வேலையில் இருந்த உதவியாளர் அண்ணன் விழித்திருந்து பார்த்தார்.

அந்த மருந்தைப் பற்றி டாக்டரம்மா சொன்ன பிறகு, நன்றி சொல்ல வேண்டியவர்கள் பட்டியல் நீண்டுவிட்டது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளை எடுத்துத்தான் மருந்து செய்கிறார்கள். நான்குக்கும் ஒரே மருந்து என்பதால், பாம்பை அடித்துக் கொண்டுவந்து காட்ட வேண்டியதே இல்லை. அந்த நஞ்சுக்கு எங்கே போகிறார்கள்? இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கு வடக்கே, வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு. 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்து பாம்புத்தோல் வியாபாரம் நின்றுபோக, பிழைப்பு இழந்த குடும்பங்கள் சேர்ந்து 1978இல் தொடங்கியது அது. பிடித்த பாம்பை மண்பானையில் வைத்துக் காத்து, நஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு, சில வாரத்தில் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். 2023இல் இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தபோது செய்தியாகப் படித்துவிட்டுக் கடந்து போயிருக்கிறோம். சோழியின் நரம்பில் இறங்கிய ஒவ்வொரு சொட்டுக்கும் பின்னால், வெறுங்கையால் விரியனின் தலையைப் பிடித்த ஒருவர் இருக்கிறார். அவர் முகம் எனக்குத் தெரியாது. அந்தக் குடியிருப்புத் தம்பி மூலமாகவாவது என் கும்பிடு அவருக்குப் போய்ச் சேரட்டும்.

ஆட்டோ அண்ணனும் வலை அண்ணன்மாரும் பணம் வாங்க மறுத்துவிட்டீர்கள். வற்புறுத்தவில்லை. அதற்குப் பதிலாக, டாக்டரம்மாவிடம் கேட்டு, அவர் எழுதிக்கொடுத்த சீட்டுக்குப் பாம்புக்கடி மருந்துக் குப்பிகள் வாங்கி அந்த மருத்துவமனையிலேயே வைத்திருக்கிறோம். தீரத் தீர வாங்கி வைப்போம். மாடோ ஆடோ நாயோ, உங்கள் வீட்டு உயிர் எதற்குத் தேவைப்பட்டாலும் நேரே கொண்டுபோங்கள், யாரிடமும் கேட்க வேண்டாம். அக்கா, உங்கள் சும்மாட்டுத் துணியில் கறை போகவில்லை. புதுசு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், வரும் ஞாயிற்றுக்கிழமை சோழியே கொண்டுவருவாள்.

அன்புடன்,
சோழியின் வீட்டார்