குணமானவரை நோயாளி என்று திருப்பி அனுப்பாதீர்கள்

மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் வெளிநாட்டு வேலைக்குச் செல்வோரின் நலனைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கும்,

வணக்கம்.

கொரோனா காலத்தில் விமானம் ஏறியவர்கள் யாரும் அந்தச் சோதனைத் தாளை மறந்திருக்க முடியாது. 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் முடிவு, அதை இந்தியா வருவோருக்கான அரசின் ஏர் சுவிதா தளத்தில் ஏற்றியதற்கான அத்தாட்சி, துபாய்க்கோ ஷார்ஜாவுக்கோ போவதென்றால் விமான நிலையத்திலேயே இன்னொரு விரைவுச் சோதனை. கம்பெனி முதலாளியும் கொத்தனாரும் ஒரே வரிசையில் நின்றார்கள். நாள்தோறும் பத்திரிகைகளில் புகார்கள் வந்தன. 2022 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகம் அந்த விமான நிலையச் சோதனையைக் கைவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஏர் சுவிதாவும் நிறுத்தப்பட்டது. அதோடு பத்திரிகைகளும் இந்தப் பேச்சை விட்டுவிட்டன.

வளைகுடாவுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அது முடியவில்லை. கொரோனாவுக்கு வெகுகாலம் முன்பிருந்தே அவர்கள் சோதனைத் தாளோடுதான் விமானம் ஏறி வருகிறார்கள். ஊரில் அதற்கு ‘மெடிக்கல்’ என்று பெயர். முன்பு காம்கா என்றார்கள், இப்போது வாஃபித் என்கிறார்கள். ரியாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட வளைகுடா சுகாதார மன்றத்தின் இணையதளத்தில் பணம் கட்டிப் பதிவு செய்து, அவர்கள் அங்கீகரித்த மையத்தில் ரத்தமும் சிறுநீரும் கொடுத்து, நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டும். ‘ஃபிட்’ என்று வந்தால்தான் சவூதி அரேபியா, குவைத் போன்ற நாடுகளின் வேலை விசா கிடைக்கும். ‘அன்ஃபிட்’ என்று வந்தால் அத்துடன் கதை முடிந்தது.

நான் இராமநாதபுரம் மாவட்டத்தில் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் சிகிச்சை மேற்பார்வையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆறு மாத மாத்திரையை நோயாளி ஒரு நாளும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதே என் வேலை. எங்கள் கடற்கரை ஊர்களில் சபருக்கு, அதாவது வெளிநாட்டு வேலைக்கு, போனவர் இல்லாத வீடு அரிது. சிகிச்சை முடிந்ததும் இளைஞர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “சார், இனி நான் மெடிக்கலுக்குப் போகலாமா?” என்பதுதான். உடம்பைப் பொறுத்தவரை தாராளமாகப் போகலாம். ஆனால் வளைகுடா நாடுகளின் விதிப்படி போனாலும் பயனில்லை.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த மடலே அதற்காகத்தான். காசநோய் நுரையீரலைத் தின்ற இடத்தில், நோய் முற்றிலும் குணமான பிறகும் தழும்பு நிற்கும். சிலருக்குச் சுண்ணாம்பு படிந்த சிறு புள்ளியாக இருக்கும், சிலருக்கு நார்போல இழுத்துக்கொண்டு கிடக்கும். எக்ஸ்ரேயில் அது ஆயுள் முழுவதும் தெரியும். அந்தத் தழும்பில் உயிருள்ள கிருமி இருக்கிறதா என்பதை எக்ஸ்ரே படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதைச் சொல்வதற்குச் சளிப் பரிசோதனை இருக்கிறது. சளியில் கிருமியைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் இன்று நம் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கின்றன. சில மணி நேரத்தில் முடிவு வந்துவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையும் இருக்கிறது, அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். வளைகுடா மெடிக்கலில் இவை எதற்கும் இடமில்லை. தழும்பு இருந்தாலே அன்ஃபிட். பழையதா புதியதா, மருந்து சாப்பிட்டாரா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிற இந்தியரிடம் பிரிட்டனும் காசநோய்ச் சான்றிதழ் கேட்கிறது. சென்னையிலிருந்து படிக்கப் போகிற மாணவர்கள் அதற்காக எக்ஸ்ரே எடுக்கிறார்கள். படத்தில் சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் அங்கே கதவை மூடிவிடுவதில்லை. சளி கேட்கிறார்கள், கல்ச்சர் வைத்துக் காத்திருக்கிறார்கள். கிருமி இல்லையென்றால் சான்றிதழ் கொடுக்கிறார்கள். கிருமி இருந்தால் சிகிச்சை முடித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். ஆக, ஒரே தெருவில் ஒரே மாதிரித் தழும்புள்ள இரண்டு பேர் இருந்தால், லண்டனுக்குப் படிக்கப் போகிறவருக்கு விமானம் உண்டு. ரியாத்துக்குச் சாரம் கட்டப் போகிறவருக்கு இல்லை. நுரையீரலில் எந்த வேறுபாடும் கிடையாது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

தழும்பு மட்டுமல்ல. ஹெபடைடிஸ் சி நோய்க்கு இப்போது பெரும்பாலானவர்களுக்கு 12 வார மாத்திரையே போதும். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசே அதை இலவசமாகத் தருகிறது. ஆனால் வைரஸ் போன பின்னும் அதை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் ரத்தத்தில் தங்கிவிடும். எதிர்ப்பொருளை மட்டும் தேடுகிற சோதனை, குணமானவரையும் ‘பாசிட்டிவ்’ என்றே காட்டும். வைரஸ் இருக்கிறதா என்று நேரடியாகப் பார்க்கும் ஆர்என்ஏ சோதனை செய்தால்தான் உண்மை தெரியும். மேகநோய் எனப்படும் சிபிலிஸுக்கான டிபிஹெச்ஏ ரத்தச் சோதனையிலும் இதே சிக்கல்தான். என்றோ ஊசி போட்டுக் குணமானவருக்கும் அது பாசிட்டிவாகவே நீடிக்கும். என்றோ வந்து போன நோயைக் காட்டும் இந்தச் சோதனைகளை, இன்று இருக்கும் நோய்க்கான சாட்சியாக வைத்து ஒருவரின் பிழைப்பை முடித்துவைக்கிறார்கள்.

இன்னொன்றையும் நீங்கள் நினைவில் கொள்ள வேண்டும். காசநோயாளியை ஊருக்கு வெளியே சானடோரியத்தில் வைத்துத்தான் குணப்படுத்த முடியும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் உண்டு. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் கிடைத்த பலன் வீட்டிலும் கிடைத்தது. நோயாளியுடன் இருந்த குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் வரவில்லை. 1959இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் சிகிச்சை முறையை மாற்றியது. அந்த மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். மருந்து சாப்பிட்டவரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்று உலகத்துக்கே காட்டிய ஊர் சென்னை. அதே சென்னையில் இருக்கும் மெடிக்கல் மையங்களில், ஆறு மாதமும் ஒழுங்காக மருந்து சாப்பிட்ட பிள்ளைகள் அன்ஃபிட் ஆகிறார்கள்.

அடுத்து, பணம். பாஸ்போர்ட்டைக் கொடுத்து, முன்பணம் கட்டி, அதன் பிறகே மெடிக்கல் என்பதுதான் பெரும்பாலும் நடைமுறை. ஏஜெண்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்பது உங்கள் விதி. அதைவிட எவ்வளவு கூடுதலாக வாங்குகிறார்கள் என்பதை எந்தக் கிராமத்து டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். நான் சிகிச்சை கொடுத்த ஒரு கம்பி கட்டும் தொழிலாளி, மனைவியின் நகைகளை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கட்டிய பிறகு மெடிக்கலுக்குப் போனார். சிகிச்சை முடித்ததற்கான என் துறையின் சான்றிதழைக் கையோடு கொண்டுபோயிருந்தார். அங்கே அதை யாரும் வாங்கிப் பார்க்கவே இல்லை. நகையும் திரும்பவில்லை, பணமும் திரும்பவில்லை. அவர் கடைசிவரை என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “நோய் போயிடுச்சுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

முடிவு வரும் விதமும் கொடுமையானது. பாஸ்போர்ட் எண்ணோடு இணைந்து அது கணினியில் ஏறிவிடுகிறது. பாஸ்போர்ட் ஏஜெண்ட் கையில் இருப்பதால், சோதனைக்கு உள்ளானவருக்கு முன்னால் ஏஜெண்டுக்கு முடிவு தெரிந்துவிடுகிறது. எச்ஐவி சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தர வேண்டும், சம்மதம் பெற வேண்டும், முடிவை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் சொல்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. இந்த மையங்கள் செயல்படுவது இந்திய மண்ணில். ரத்தம் எடுப்பது யாருக்காக என்றாலும், எடுக்கும் இடத்துக்கு இந்தியச் சட்டம் பொருந்த வேண்டாமா? வாழ்க்கையைப் புரட்டிப்போடும் ஒரு செய்தியை இளைஞன் ஒருவன் ஏஜெண்டின் அலுவலகத்தில் நின்றுகொண்டு கேட்டதாக அவன் தாய் என்னிடம் அழுதிருக்கிறார்.

காசநோயைக் கண்டறியும் தனியார் மையங்கள் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது 2012 முதல் விதி. தெரிவிக்காதது குற்றம் என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. ஒருவருக்கு உண்மையிலேயே நோய் இருந்து அன்ஃபிட் ஆனால், அன்றே அவர் பெயர் காசநோயாளிகளைப் பதிவு செய்யும் அரசின் நிக்ஷய் தளத்தில் ஏறி, அந்த வாரமே எங்கள் பணியாளர் அவர் வீட்டு வாசலில் மருந்தோடு நிற்க வேண்டும். என் அனுபவத்தில், அன்ஃபிட் ஆனவர்கள் இருமலோடு தாங்களாகவே பல மாதம் கழித்து வந்தார்கள். அதற்குள் வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கும் தொற்றியிருக்கும். பிற நாட்டைக் காப்பாற்றுவதற்கான சோதனை, சொந்த வீட்டைக் கைவிட்டுவிடுகிறது.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். யாரை உள்ளே விடுவது என்பது அந்தந்த நாட்டின் உரிமை என்பீர்கள். அதை நான் மறுக்கவில்லை. தொற்றும் நிலையில் காசநோய் உள்ளவர் விமானம் ஏறக்கூடாது. ஓர் அறையில் பலர் நெருக்கிப் படுக்கும் தொழிலாளர் முகாமுக்கு அவர் போகவே கூடாது. அங்கே முதலில் பாதிக்கப்படப்போவது இன்னொரு தமிழ்த் தொழிலாளியோ மலையாளியோ வங்காளியோதான். சோதனை வேண்டும். அது நோயாளியையும் குணமானவரையும் பிரித்தறிய வேண்டும், அவ்வளவுதான்.

பன்னாட்டுச் சட்டமும் இவர்களைக் காப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டு பன்னாட்டுச் சுகாதார விதிமுறைகளின் 40ஆவது பிரிவு, பொதுச் சுகாதாரத்தைக் காப்பதற்காகப் பயணியிடம் செய்யும் மருத்துவச் சோதனைக்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்கிறது. ஆனால் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ குடியிருக்கப் போகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று அந்தப் பிரிவிலேயே விலக்கும் இருக்கிறது. சுற்றுலாப் பயணிக்குப் பாதுகாப்பு உண்டு, தொழிலாளிக்கு இல்லை. ஆகவே இவர்களுக்காகப் பேச நம் அரசை விட்டால் வேறு யாரும் இல்லை.

பேசினால் நடக்காது என்று சொல்லாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2016இல் தன் விதியைத் தளர்த்தியது. விசாவைப் புதுப்பிக்க வருபவருக்குக் காசநோயோ பழைய தழும்போ தெரிந்தால் நாடுகடத்தாமல், நிபந்தனையோடு ஓராண்டுக்குத் தகுதிச் சான்று கொடுத்து, சிகிச்சையும் தொடர் சோதனையும் அளிக்க முடிவு செய்தது. ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கு முடிந்தது, புதிதாகப் போகிறவர்களுக்கு ஏன் முடியாது? தழும்புள்ளவருக்குச் சளிப் பரிசோதனையும் சிகிச்சை முடித்த சான்றிதழும் போதும், ஹெபடைடிஸ் சி எதிர்ப்பொருள் உள்ளவருக்கு ஆர்என்ஏ சோதனை போதும் என்ற இரண்டு கோரிக்கைகளை வளைகுடா சுகாதார மன்றத்தின் முன் எழுத்தில் வையுங்கள். அந்த நாடுகளோடு ஆள் அனுப்புவது பற்றிப் பேச உட்காரும் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே இது இருக்க வேண்டும்.

அந்தப் பேச்சு முடிய ஆண்டுகள் ஆகலாம். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் உங்கள் கையிலேயே இருக்கின்றன. மெடிக்கல் முடிவு வரும் முன் ஏஜெண்ட் ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது என்று உத்தரவிடுங்கள். அதற்கும் முன்னதாக, விருப்பமுள்ளவர்கள் எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் இலவசமாகச் செய்துகொள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வாரம் ஒரு நாளாவது ஒதுக்குங்கள். தழும்பு இருக்கிறதென்று முன்பே தெரிந்தால் நகை அடகுக்குப் போகாது. முடிவை உரியவரிடம் நேரில், தமிழில், தனியாகச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே படத்தையும் அறிக்கையையும் அவர் கையில் கொடுக்க வேண்டும். அன்ஃபிட் என்று வந்தால் வேறொரு மையத்தில் மறுசோதனைக்கு வழி வேண்டும். நிக்ஷய் பதிவு நடக்கிறதா என்று சென்னையிலும் திருச்சியிலும் உள்ள மையங்களின் ஏடுகளைப் புரட்டிப் பாருங்கள். தமிழ்நாட்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி அதைப் பார்க்கும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு.

வளைகுடாவில் போய் இறங்கிய பிறகு நடக்கும் இரண்டாவது சோதனையில் தவறித் திரும்புகிறவர்களுக்கு, பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டில் திரும்பும் டிக்கெட் பணம் கேட்க வழி இருக்கிறது. அந்தக் காப்பீட்டுத் தாளைக் கையில் வைத்திருந்தும் அது எதற்கென்று தெரியாமல் திரும்பியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். பயணத்துக்கு முன் நடத்தும் வழிகாட்டுக் கூட்டங்களில் அதை விளக்கிச் சொல்லுங்கள்.

எந்த அலுவலகத்துக்கு வரச் சொன்னாலும் வருகிறேன். அனுமதி தந்தவர்களின் சிகிச்சைச் சான்றிதழ்களையும் எக்ஸ்ரே படங்களையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் ஓய்வு பெற்ற பணியாளர் ஒருவர்,
இராமநாதபுரம் மாவட்டம்