பொது வாக்கெடுப்புக்குக் கேள்வி எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொது வாக்கெடுப்புக்கான கேள்வியையும் தேதியையும் விதிகளையும் முடிவு செய்யும் அமைச்சர்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

வாக்கெடுப்பு ஒன்று தவறாகப் போனால் பழி முழுவதும் மக்கள் தலையில்தான் விழுகிறது. "விவரம் புரியாமல் போட்டுவிட்டார்கள்", "கோபத்தில் குத்திவிட்டார்கள்" என்று மறுநாளே பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். கேள்வியை எழுதியது யார், தேதியைக் குறித்தது யார், என்ன கணக்குப் போட்டுக் குறித்தார் என்று கேட்பவர்கள் குறைவு. அதனால்தான் வாக்காளர்களை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

2015 ஜூலை 5 அன்று கிரீஸ் மக்கள் கையில் கொடுத்த வாக்குச்சீட்டை எடுத்துப் பாருங்கள். ஐரோப்பிய ஆணையமும் ஐரோப்பிய மத்திய வங்கியும் பன்னாட்டு நாணய நிதியமும் கடன் உதவிக்கு நிபந்தனையாக ஜூன் 25 அன்று முன்வைத்த திட்டத்தை ஏற்க வேண்டுமா என்று அது கேட்டது. திட்டம் இரண்டு ஆவணங்களாக இருந்தது. சீட்டில் இருந்ததோ அவற்றின் தலைப்புகள் மட்டும். அதில் ஒன்று, நாட்டின் கடன் சுமை தாங்கக்கூடியதா என்பதைப் பற்றிய முதற்கட்ட ஆய்வு. பொருளாதாரம் படித்தவரே நிதானமாக உட்கார்ந்து புரட்ட வேண்டிய சமாச்சாரம். "இல்லை" என்ற கட்டத்தை மேலே வைத்திருந்தார்கள், "ஆம்" கீழே. அறிவிப்புக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவே ஒரு வாரத்துக்குச் சற்று கூடுதலான நாட்கள்தான். அந்த நாட்களிலும் வங்கிகள் மூடிக் கிடந்தன. ஏடிஎம்மில் நாளொன்றுக்கு 60 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. 61 சதவீதம் பேர் "இல்லை" என்றார்கள். ஜூலை 13 அன்று, கடுமையான நிபந்தனைகளோடு வந்த புதிய கடன் திட்டத்துக்கு அதே அரசு சம்மதித்தது. தன் பதிலுக்கு எட்டு நாள்கூட மதிப்பில்லை என்று கண்ட வாக்காளரை அடுத்த முறை எந்த முகத்தோடு கூப்பிடுவீர்கள்?

கேள்வியை வளைப்பது பழைய வேலைதான். 1938 ஏப்ரலில், ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு சேர்த்துக்கொண்ட பிறகு ஒப்புதல் கேட்டு நீட்டிய சீட்டில் "ஆம்" என்பதற்கு நடுவில் பெரிய வட்டம், "இல்லை" என்பதற்கு ஒதுக்குப்புறமாகச் சின்ன வட்டம். இணைப்பையும் ஹிட்லரின் வேட்பாளர் பட்டியலையும் ஒரே கேள்வியில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். இலங்கையில் 1982 டிசம்பர் 22 அன்று வேறொரு விதம். 1977இல் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமலே இன்னும் ஆறு ஆண்டு நீட்டிக்கலாமா என்று கேட்டார்கள். சம்மதத்துக்கு விளக்குச் சின்னம், மறுப்புக்குக் குடம். விளக்குக்கு 54.66 சதவீதம் விழுந்தது. அடுத்த நாடாளுமன்றத் தேர்தலைப் பார்க்க மக்கள் 1989 வரை காத்திருந்தார்கள். ஒரு வாக்கெடுப்பை வைத்தே ஒரு பொதுத் தேர்தலை இல்லாமல் ஆக்கிவிட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் வாக்கெடுப்பே வேண்டாம் என்கிறேன் என்று நினைக்காதீர்கள். 1980இல் உருகுவேயின் ராணுவ ஆட்சி தன் விருப்பப்படி எழுதிய அரசியலமைப்பை மக்கள் முன் வைத்தது. சுமார் 57 சதவீதம் பேர் தள்ளிவிட்டார்கள். 1988இல் சிலியில் ராணுவ ஆட்சியாளர் பினோசெட் இன்னும் எட்டு ஆண்டு ஆளலாமா என்ற கேள்விக்கும் அதே கதிதான். பயம் சூழ்ந்திருந்த நேரத்திலும் சரியாகப் பதில் சொன்ன மக்களைப் பார்த்து "இவர்களுக்கு என்ன தெரியும்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. தராசு பிடிப்பவர் தட்டின் மேல் விரல் வைக்கக்கூடாது, அவ்வளவுதான் நான் கேட்பது.

விரலை எடுக்க முடியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டும் என்பதை "ஏற்கிறீர்களா" என்று கேட்கத்தான் அங்குள்ள அரசு முதலில் நினைத்தது. தேர்தல் ஆணையம் அந்த வாசகத்தை வாக்காளர்களிடமே கொடுத்துச் சோதித்தது. "ஏற்கிறீர்களா" என்ற சொல் பதிலை "ஆம்" பக்கம் சாய்க்கிறது என்று தெரிந்தது. ஆணையம் சொன்னது, அரசு மாற்றிக்கொண்டது. 2014 செப்டம்பரில் 84.6 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். தனி நாடு கேட்ட தரப்பு தோற்றது. ஆனால் கேள்வி வளைந்திருந்தது என்று எந்தத் தரப்பும் சொல்ல இடமில்லாமல் போனது.

சரி, கேள்வி நேராக இருந்தால் போதுமா? 2016இல் பிரிட்டன் கேட்ட கேள்வியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர வேண்டுமா, விலக வேண்டுமா என்று இரண்டையும் சமமாக எழுதியிருந்தார்கள். விலகுவது என்றால் எப்படி விலகுவது என்பதற்குத்தான் எங்கும் பதில் இல்லை. உறுப்பு நாடுகளுக்குள் சுங்க வரி இல்லாத சுங்க ஒன்றியத்தில் இருப்பார்களா, சரக்கும் ஆட்களும் தடையின்றிப் போய்வரும் ஒற்றைச் சந்தையில் இருப்பார்களா, பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்துக்கும் தனி நாடான அயர்லாந்துக்கும் நடுவே உள்ள எல்லை என்னவாகும்? 51.9 சதவீதம் பேர் விலகச் சொன்ன பிறகு, அவர்கள் எந்த விலகலைச் சொன்னார்கள் என்று ஆளுக்கொரு விளக்கம் கொடுத்துச் சண்டை போட்டார்கள். உண்மையில் வெளியேறியது 2020 ஜனவரி 31 அன்று. எழுதாத சட்டத்துக்கு மக்களிடம் கையெழுத்து வாங்கினால் அப்புறம் அந்த வெற்றுத்தாளை நிரப்பும் அதிகாரம் யாருக்கு என்ற சண்டை வராமல் இருக்காது.

அயர்லாந்து 2018இல் கருக்கலைப்புத் தடையை நீக்கும் வாக்கெடுப்பை வேறு மாதிரி நடத்தியது. முதலில் 99 குடிமக்களைக் கொண்ட பேரவை, வார இறுதிகளில் கூடி நிபுணர்கள் சொன்னதைக் கேட்டு விவாதித்தது. பிறகு நாடாளுமன்றக் குழு ஆராய்ந்தது. தடை நீங்கினால் எந்தச் சட்டம் கொண்டுவரப்படும் என்பதன் வரைவை அரசு வாக்குப்பதிவுக்கு முன்பே வெளியிட்டது. சூடான விஷயம்தான், கடுமையாகவே மோதிக்கொண்டார்கள். ஆனாலும் 66.4 சதவீதம் பேர் "ஆம்" என்றபோது எதற்கு "ஆம்" என்றார்கள் என்பதில் குழப்பம் இல்லை.

குறைந்தபட்ச வாக்குப்பதிவு விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தாலியில் ஒரு சட்டத்தை நீக்கும் வாக்கெடுப்பில் பாதிப் பேராவது வாக்களிக்காவிட்டால் முடிவு செல்லாது. அதனால் எதிர்ப்பவர்களுக்கு வாதாடுவதைவிட வீட்டிலேயே இருக்கச் சொல்வது லாபமாகிவிடுகிறது. 1991இல் முன்னாள் பிரதமர் பெட்டினோ கிராக்ஸி மக்களைக் கடற்கரைக்குப் போகச் சொன்னார். அன்று மக்கள் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். எல்லா முறையும் அப்படி நடப்பதில்லை. வராதவரின் மௌனத்தை வந்தவரின் வாக்கைவிடப் பெரிதாக்கும் விதியை எழுதாதீர்கள்.

ஒரு கூட்டத்தின் உரிமையை இன்னொரு கூட்டத்தின் கையில் கொடுப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று 1959இல் ஆண்களிடம் மட்டும் கேட்டார்கள். ஆண்கள் மறுத்துவிட்டார்கள். 1971 வரை பெண்கள் காத்திருக்க நேர்ந்தது.

அதே சுவிட்சர்லாந்திடம் கற்றுக்கொள்ளவும் இருக்கிறது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை எதிர்க்க 100 நாளில் 50,000 கையெழுத்து, அரசியலமைப்பைத் திருத்தக் கோர 18 மாதத்தில் 1,00,000 கையெழுத்து. கேள்வியைத் தொடங்கி வைக்கும் அதிகாரம் ஆட்சியில் இருப்பவரிடம் மட்டும் இல்லை. ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் முன்னால் இரு தரப்பு வாதங்களோடு ஒரு விளக்கக் கையேடு வீடு தேடி வருகிறது. 2016 பிப்ரவரியில் திருமணமானவர்கள் கூடுதல் வரி கட்டும் நிலையை மாற்றக் கோரிய முன்மொழிவு 50.8 சதவீதம் எதிர்ப்பில் தோற்றது. இருவரும் சம்பாதிக்கும் 80,000 தம்பதிகளுக்குத்தான் பாதிப்பு என்று அரசு சொல்லியிருந்தது. பிறகு பார்த்தால் உண்மையான எண்ணிக்கை 4,54,000 தம்பதிகள். 2019இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அந்த வாக்கெடுப்பு செல்லாது என்று அறிவித்தது. அந்நாட்டு வரலாற்றில் தேசிய அளவிலான ஒரு வாக்கெடுப்பு இப்படி ரத்தானது அதுதான் முதல் முறை. தங்கள் அரசே தந்த தவறான எண்ணைக் காட்டி மக்கள் வழக்குத் தொடுக்க முடிந்தது, ஜெயிக்கவும் முடிந்தது.

உங்கள் அடுத்த வாக்கெடுப்பு மசோதாவில் இந்த உரிமையை ஒரு பிரிவாகச் சேருங்கள். அரசு தரும் விளக்கத்தில் முடிவையே மாற்றக்கூடிய பிழை இருந்தால் எந்த வாக்காளரும் நீதிமன்றம் போகலாம் என்று தெளிவாக எழுதுங்கள். கேள்வியின் வாசகத்தை உங்கள் கட்சிக்குக் கட்டுப்படாத ஓர் ஆணையம் வாக்காளர்களிடம் சோதித்து, அந்தச் சோதனையின் அறிக்கையை வெளியிடட்டும். "ஆம்" என்றால் வரப்போகும் சட்டத்தின் வரைவும், "இல்லை" என்றால் அரசு என்ன செய்யும் என்ற அறிக்கையும் வாக்குப்பதிவுக்கு மூன்று மாதம் முன்பாவது எங்கள் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்