ஒரு மாத மாத்திரையை ஒரே முறையில் கொடுங்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

சென்ற செவ்வாய்க்கிழமை என் அக்கா அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலிருந்து வெறுங்கையோடு திரும்பினாள். மனச்சோர்வுக்கு அவள் சாப்பிடும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரை இருப்பில் இல்லை, அடுத்த வாரம் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரம். மாத்திரையோ இரண்டு வாரத்துக்கு மட்டும்தான், அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். தையல் கூடத்தில் அன்றைக்குக் கூலி கிடையாது. கேட்பவர்களிடம் பல்வலி என்று சொல்லி வைத்திருக்கிறாள். மாதம் இரண்டு முறை யாருக்குப் பல் வலிக்கும்?

கடையில் வாங்கித் தரும்படி கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. கண்ணைத் திருப்பினாலே மண்டைக்குள் மின்சாரம் வெட்டுகிறது என்று வெள்ளிக்கிழமைதான் வாய் திறந்தாள். அன்று காலை அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்துகொண்டிருந்தது. அக்கா கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தாள். ஆறு மாதம் பாடுபட்டுத் தேறியவள்.

இந்த மருந்தின் இயல்பு உங்களுக்குத் தெரியாததல்ல. விழுங்கிய சில மணி நேரத்தில் மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருள் கூடத் தொடங்கினாலும், மனம் தெளிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகிறது. நரம்பணுக்கள் மெல்ல மெல்லத்தான் தம்மை மாற்றிக்கொள்கின்றன. நிறுத்தினாலோ ஏறத்தாழ 30 மணி நேரத்தில் ரத்தத்தில் மருந்து பாதியாகிவிடும். அதனால்தான் திடீரென்று நிறுத்தாதீர்கள் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அக்காவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அதே கட்டடத்தில்தான் மருந்து இல்லை என்றும் சொன்னார்கள்.

எந்த மருந்துக்கும் அசையாத மனச்சோர்வு கொண்ட ஆறு பேரின் மூளையில் மின்முனை பொருத்தி, அவர்களில் நால்வரைத் தேற்றியதாக நரம்பியல் மருத்துவர் ஹெலன் மேபெர்க் குழுவினர் 2005ஆம் ஆண்டிலேயே எழுதினார்கள். அவ்வளவு பெரிய சிகிச்சையை நாங்கள் கேட்கவில்லை. சாதாரண மாத்திரைக்கே கட்டுப்படும் நோய் என் அக்காவுடையது. அந்த மாத்திரையைத்தான் கேட்கிறோம்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகள் சமுதாய நல மையம் தொடங்கி மேலுள்ள அரசு மருத்துவமனைகளில் எல்லா நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. எல்லா நேரமும் என்பதில் அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கே வருகிறது? 2021 முதல் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை தருகிறீர்கள். என் அம்மா அதனால் நன்றாக இருக்கிறார். அந்த நன்றி எங்களுக்கு உண்டு. அதே வீட்டில்தான் அக்காவும் இருக்கிறாள்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சம்மதிக்கும் நோயாளிகளுக்கு ஒரு மாத மாத்திரையை ஒரே முறையில் கொடுங்கள். அதை எங்கள் ஊர் சமுதாய நல மையத்திலேயே கொடுங்கள். இருப்பு தீருமுன்பே வரவழைத்து வையுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை கடையில் ஒரு அட்டை வாங்கி வந்தேன். அதில் பத்து மாத்திரை. அவை தீர்வதற்குள் உங்கள் பதிலைப் பணிவுடன் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தம்பி