கீழே விழுந்தவனை விட்டுவிட வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி ஆடும் ரக்பி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ்ப் பத்திரிகை ஒன்று இந்த விளையாட்டுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் 'புல்வெளியில் ஒரு போர்' என்ற தலைப்பும், வரிக்கு வரி வந்த படை, முற்றுகை, ரத்தக்களம் போன்ற சொற்களும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. விளையாடுகிறவரையே 'வீரர்' என்று சொல்லும் மொழி நம்முடையது. அதைக் குறை சொல்லவில்லை. ரக்பி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும் என்கிறேன். ஏனென்றால் இந்தப் பேச்சை நிஜமென்று நம்பி ஒரு தலைமுறையே செத்துப்போயிருக்கிறது.

1915-இல் பிரிட்டனில் ஒட்டப்பட்ட ஆள்சேர்ப்புச் சுவரொட்டி ஒன்று உண்டு. ரக்பி யூனியன் (அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் ரக்பி) ஆட்டக்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ராணுவத்தில் சேர்ந்துவிட்டார்கள், பிரிட்டனின் விளையாட்டுக்காரர்களே, நீங்களும் அவர்களைப் பின்பற்றுவீர்களா என்று அது கேட்டது. மைதானத்தில் முட்டி மோதுகிறவன் போர்முனையிலும் அப்படியே நிற்பான் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே சொல்லி வளர்த்திருந்தார்கள். பையன்களும் நம்பிப் போனார்கள்.

1914 மார்ச்சில் எடின்பரோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும், தங்களுக்குள் ஆடும் ரக்பி ஆட்டத்துக்கான பரிசான கல்கத்தா கோப்பைக்காக ஆடின. இங்கிலாந்து 16-15 என்று ஒரே புள்ளியில் ஜெயித்தது. அன்று மைதானத்தில் இருந்த 30 பேரில் 11 பேர் முதல் உலகப் போரில் இறந்தார்கள். இங்கிலாந்தின் கேப்டன் ரோனி பூல்டன் அடுத்த மாதமே பாரிஸில் பிரான்ஸுக்கு எதிராக நான்கு டிரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) போட்டார். அதுதான் நாட்டுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம். 1915 மே மாதம் பெல்ஜியத்தில், மறைந்திருந்து சுட்டவனின் ஒரே குண்டில் இறந்தார். வயது 25.

இங்கிலாந்துக்கு ரக்பி ஆடிய எட்கர் மாப்ஸ் கதை இன்னும் வலிக்கும். வயதாகிவிட்டது என்று அதிகாரிப் பதவி தர மறுத்தார்கள். அவர் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, தன்னைப் போன்ற விளையாட்டுக்காரர்களைத் திரட்டி ராணுவத்தில் ஒரு படைப்பிரிவையே அமைத்தார். 1917 ஜூலை 31 அன்று கொல்லப்பட்டார். உடல் கிடைக்கவே இல்லை. நியூசிலாந்தின் புகழ்பெற்ற 1905 ரக்பி அணிக்குத் தலைமை தாங்கிய டேவ் கல்லகர் அதே வருடம் அக்டோபர் 4 அன்று பெல்ஜியத்தில் நடந்த பாஸ்ஷன்டேல் சண்டையில் இறந்தார். அப்போது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது.

சரி, ஆட்டத்தில் மோதல் இல்லையா என்றால், இருக்கிறது. நான் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல வருடம் ரக்பி சொல்லிக்கொடுத்தவன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கபடி ஆடிப் பழகியவர்கள். காலைப் பிடித்தால் உடும்புப்பிடிதான், விசில் அடித்தாலும் விடமாட்டார்கள். ரக்பியில் அது தப்பு. எதிராளியை மடக்கிக் கீழே சாய்த்த அந்த நொடியே கையை எடுத்துவிட்டு விலக வேண்டும், விழுந்தவன் பந்தை விட வேண்டும். பிடிக்கும்போது எதிராளியின் தோளுக்கு மேலே கை போகக் கூடாது. பிள்ளைகளுக்கு இதைப் பழக்கவே எனக்கு ஒரு மாதம் பிடிக்கும். "விடுடா, விடுடா" என்று கத்திக் கத்தியே என் தொண்டை கட்டிப்போகும். எந்தப் போரில் இப்படி ஒரு விதி இருக்கிறது, சொல்லுங்கள்.

அப்புறம், ஆட்டம் தொடங்கும் முன் நியூசிலாந்து அணி பாடி ஆடும் 'ஹாக்கா' என்ற நடனத்தைக் கட்டுரை கொலைவெறி முழக்கம் என்று எழுதியிருந்தது. அவர்கள் வழக்கமாக ஆடும் 'கா மாத்தே', 1820 வாக்கில், நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர் தே ரௌபராஹா பாடியது. துரத்தி வந்தவர்களிடமிருந்து தப்பி, கிழங்கு சேமிக்கும் குழிக்குள் ஒளிந்திருந்து, பிழைத்து வெளியே வந்தவரின் பாட்டு அது. சாவா, சாவா, வாழ்வா, வாழ்வா என்று தொடங்கி, வெயிலுக்குள் ஏறி வருவதில் முடிகிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் கல்கத்தா கோப்பை ஆட்டம் வரும். அடுத்த முறை அந்தக் கோப்பையின் படத்தைப் பெரிதாகப் போடுங்கள். 1878-இல் கல்கத்தா ரக்பி கிளப்பைக் கலைத்தபோது, வங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது அது. கைப்பிடிகள் மூன்றும் நாகப்பாம்பு, மூடிமேல் யானை. படத்துக்குக் கீழே 1914-இல் ஆடிய அந்த 30 பேரின் பெயரையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருச்சி.