கட்டிய பணத்துக்கு அன்றைக்கே ரசீது வேண்டி மூன்றாம் முறையாக மனு

அனுப்புநர்:
தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்க உறுப்பினர்கள்,
வெட்டாற்றுக் கடைமடைக் கிராமங்கள்.

பெறுநர்:
மண்டல இணைப்பதிவாளர் அவர்கள்,
கூட்டுறவுச் சங்கங்கள்.

பொருள்: பயிர்க்கடன் – உடனடி ரசீது, முழுநேரச் செயலாளர், உறுப்பினர்களுக்கு எழுத்தறிவு மற்றும் கணக்குப் பயிற்சி வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: துணைப்பதிவாளர் அலுவலகத்திலும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்த எங்கள் முந்தைய மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உரக்கிடங்கை ஒட்டிய எங்கள் சங்கக் கட்டடத்தைத் தாங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்கள். ஆகவே ஊர் விவரம் எழுதவில்லை. முந்தைய மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. பதில் கிடைக்கவில்லை.

1. செயலாளர் பக்கத்துச் சங்கத்தையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். அவர் வரும் நாளில்தான் எங்கள் சங்கத்தில் வேலை நடக்கிறது.

2. தவணைக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை. அந்த வட்டியை அரசே ஏற்கிறது. தவணை ஒரு நாள் தவறினாலும் அந்தச் சலுகை போய்விடும். இதை நம்பித்தான் அறுவடை முடிந்ததும் மற்றக் கடன்களை ஒதுக்கிவைத்துவிட்டுச் சங்கத்துக்கு முதலில் கட்டுகிறோம். ஆனால் இணையம் வேலை செய்யவில்லை, செயலாளர் வரவில்லை என்று சொல்லிப் பணத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கணக்கில் ஏறுவது அவர் வரும்போது.

குத்தகைக்குச் சாகுபடி செய்யும் கைம்பெண் ஒருவர், கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணத்தைத் தவணைக்கு முன்பே கொண்டுபோய்க் கட்டினார். ஒரு துண்டுத் தாளில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். பணம் கணக்கில் ஏறியது தவணை கடந்த பிறகு. வட்டியும் அபராத வட்டியும் விழுந்தன. தவணை தவறியவர் பட்டியலில் பெயர் ஏறியது. அடுத்த சம்பாவுக்குக் கடன் இல்லை என்றார்கள். காதுத் தோட்டை அடகு வைத்தார். அதுவும் போதாமல், நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கினார். பணம் புரளுவதற்குள் அடியுரம் போடும் பருவம் போய்விட்டது. அந்தத் துண்டுத் தாளை இன்றும் எல்லோரிடமும் காட்டுகிறார். அதில் தேதி இல்லை. தேதி இல்லை என்பது அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அவருக்குப் படிக்கத் தெரியாது. ஐயா, தவணை தவறியது அவரா, சங்கமா? இதைத்தான் முந்தைய மனுக்களிலும் கேட்டோம்.

3. 1990களில் அறிவொளி இயக்கம் வந்தபோது எங்கள் பெண்கள் பலர் கையெழுத்துப் போடக் கற்றார்கள். அதற்கு மேல் தொடரவில்லை. கைநாட்டு வைப்பவருக்காவது பத்திரத்தை ஒருவர் படித்துக் காட்டுவார். கையெழுத்துப் போடுகிறவருக்கு அதுவும் இல்லை. காட்டிய இடத்தில் போட்டுவிட்டு வருகிறார். புதிய பாரத எழுத்தறிவுத் திட்ட வகுப்பைச் சங்கக் கட்டடத்திலேயே மாலையில் நடத்த ஏற்பாடு செய்யுங்கள். கடன் பத்திரம், பாஸ்புக், உர ரசீது, பயிர்க் காப்பீட்டுப் படிவம் ஆகியவற்றை வைத்தே சொல்லிக் கொடுக்கலாம். கூட்டுறவுக் கொள்கைகள் ஏழில் ஐந்தாவது கல்வி, பயிற்சி, தகவல் என்று சங்கச் சுவரில் பெயிண்டில் எழுதியிருக்கிறது. யார் படிப்பதற்காக?

4. பயிற்சி. ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வார விழா நடக்கிறது. கொடி ஏற்றுகிறீர்கள், உறுதிமொழி எடுக்கிறோம். கூட்டுறவுக் கல்வி நிதி என்று ஒன்று இருக்கிறதே, அதிலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு நாள் கணக்குப் பயிற்சியாவது வராதா? 2025ஆம் ஆண்டை ஐ.நா. சபை சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்தது. அதற்கும் பேனர்தான் வந்தது.

5. ரசீது, ஐயா. மற்றவை தாமதமானாலும் பொறுத்துக்கொள்கிறோம். பணம் வாங்கும் அன்றே தேதியும் முத்திரையும் உள்ள ரசீது தர வேண்டும். இணையம் இல்லையென்றால் கையால் எழுதிக் கொடுக்கட்டும். அந்தத் தேதியே தவணைக் கணக்குக்குச் செல்லும் என்று எழுத்துமூலம் உத்தரவிடுங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது கேட்பதற்கு மனு மேல் மனு எழுத வேண்டுமா?

மேற்சொன்ன பெண்ணின் கணக்கையும், இதேபோல் பெயர் ஏற்றப்பட்ட மற்ற உறுப்பினர்களின் கணக்குகளையும் சம்பா விதைப்புக்கு முன் மறு ஆய்வு செய்து, கடன் கிடைக்க வழிசெய்யுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறோம். பதிலைத் தபாலில் அனுப்புவதோடு, ஊரில் ஒருவரை அனுப்பிப் படித்தும் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்க உறுப்பினர்கள்
(கையொப்பங்களும் கைரேகைகளும் இணைப்பில்)